உரக்கச் சொன்னால் போதாது

1858 ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்து அரசி விக்டோரியா, அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் புக்கானனுக்கு 98 சொற்களில் ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அயர்லாந்தின் வலென்ஷியா தீவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை, அட்லாண்டிக் பெருங்கடலின் அடித்தரையில் கேபிள் போட்டு முடித்துப் பதினோரு நாட்கள்தான் ஆகியிருந்தன. தந்தி முழுதாகப் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. சொல்லுக்குப் பத்து நிமிடம். ஆனாலும் கடிதம் கப்பலேறிப் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆன காலம் அது. நியூயார்க் நகரம் கொண்டாடித் தீர்த்தது. வாணவேடிக்கையில் நகர மன்றக் கட்டடத்தின் உச்சிமாடமே தீப்பற்றிக்கொண்டது.

கம்பியில் மின்சாரம் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். பிறகு ஒரு சொல்லுக்கு ஏன் பத்து நிமிடம்? மின்னணுத் தகவல் தொடர்பைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பள்ளிப் பாடநூலில் வரும் கட்டப்படம் நினைவிருக்கும்: ஒரு முனையில் அலைபரப்பி, மறுமுனையில் ஏற்பி, நடுவில் ஊடகம். அந்த ஊடகத்தின் தலைமீது ‘இரைச்சல்’ என்று ஒரு சிறிய அம்புக்குறி. மாணவர்கள் அந்த அம்பைப் போகிறபோக்கில் வரைந்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். இந்தத் துறையின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுக்க அந்த அம்போடு நடந்த போராட்டம்தான்.

கேபிளுக்கு வருவோம். நடுவில் செப்புக் கம்பி. அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை. அதற்கு வெளியே இரும்புக் கம்பிக் கவசம், அதற்கும் வெளியே உப்புக் கடல். இரண்டு மின்கடத்திகள், நடுவில் மின்கடத்தாப் பொருள் என்றால் அது மின்தேக்கி. அதாவது மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு மின்தேக்கியைக் கடலில் போட்டிருந்தார்கள். ஒரு முனையில் சட்டென்று மின்னழுத்தம் கொடுத்தால், மறுமுனையில் அது சட்டென்று தெரியாது. வழிநெடுகக் கேபிள் மின்னேற்றம் பெற வேண்டும். மின்னோட்டம் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, அதைவிட மெல்ல வடியும். முந்தைய துடிப்பு வடிவதற்குள் அடுத்த துடிப்பை அனுப்பினால் இரண்டும் குழம்பிப்போகும். தந்திக் குறியீட்டில் புள்ளி எது, கோடு எது என்று தெரியாது. அதனால்தான் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்து அனுப்ப வேண்டியிருந்தது.

கேபிள் போடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். தாமதம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கேபிள் இருமடங்கு நீண்டால் தாமதம் நான்கு மடங்கு. ஆனால் கேபிள் நிறுவனத்தின் மின்பொறுப்பாளராக இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இந்த விதியை ஏற்கவில்லை. அவர் படித்தது மருத்துவம். மின்சாரத்தில் ஆர்வமும் கைத்திறனும் உள்ளவர். மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லையென்றால் இன்னும் வலுவாக அனுப்ப வேண்டும் என்பது அவர் வழி. பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு சுமார் 2,000 வோல்ட் வரை கேபிளுக்குள் செலுத்தினார். கேபிள் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. உற்பத்தியிலும் குறைகள் இருந்தன. 2,000 வோல்ட் அதன் முடிவை விரைவுபடுத்தியது. ஒரு மாதம்போலத்தான் தாக்குப்பிடித்தது, பிறகு ஊமையாகிவிட்டது.

தாம்சன் எதிர்த் திசையிலிருந்து யோசித்தார். அனுப்பும் முனையை விட்டுவிட்டு, கேட்கும் முனையைக் கூர்மையாக்கினார். மிகச் சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றின் முதுகில் காந்தத் துணுக்குகளை ஒட்டி, பட்டு நூலில் கட்டி, கம்பிச் சுருளின் நடுவே தொங்கவிட்டார். சுருளில் துளி மின்சாரம் வந்தாலும் கண்ணாடி திரும்பும். அதன்மேல் விழும் விளக்கொளி எதிரே உள்ள அளவுகோலில் நகரும். மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். ஏறத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். 1866-இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் போட்ட புதிய கேபிளில் செம்பும் தடிமன், உறையும் தடிமன். நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள்போலப் போயின. அந்த ஆண்டே லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் ஒரு சோதனை செய்தார். தையல் வேலையில் ஊசி குத்தாமலிருக்க விரல்நுனியில் மாட்டும் வெள்ளி மூடியில் கொஞ்சம் அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் போட்டால், அது ஒரு மின்கலம். கடலடியில் அப்போது இருந்த இரண்டு கேபிள்களை ஒரு கரையில் இணைத்து, அந்த விரல்மூடி மின்சாரத்தை அட்லாண்டிக்கைக் கடந்துபோய்த் திரும்பிவரச் செய்தார். மறுமுனையில் கண்ணாடி தெளிவாகத் திரும்பியது. 2,000 வோல்ட்டால் முடியாததை ஏறக்குறைய ஒரு வோல்ட் செய்தது.

இதில் தகவல் தொடர்பின் முதல் விதி இருக்கிறது. எந்த ஊடகமும் எவ்வளவு வேகமான மாற்றத்தையும் அப்படியே கடத்திவிடாது. அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத்தான் இன்று பட்டையகலம் என்கிறோம். ஓர் ஊடகம் எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை சேதமின்றிக் கடத்துகிறதோ, அந்த இடைவெளியே அதன் பட்டையகலம். அட்லாண்டிக் கேபிளின் பட்டையகலம் மிகக் குறைவு. வலிமையைக் கூட்டினால் பட்டை அகலாது.

கம்பியை விட்டுக் காற்றில் ஏறும்போது வேறொரு தடை வருகிறது. மனிதக் குரலின் அதிர்வெண் நூற்றுக்கணக்கில் தொடங்கிச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. 1,000 ஹெர்ட்ஸ் குரலை மைக்கில் மின்சாரமாக்கி அப்படியே ஆண்டெனாவில் விட்டால் என்ன? அந்த மின்காந்த அலையின் நீளம் 300 கிலோமீட்டர். ஓர் ஆண்டெனா திறம்பட அலை வீச வேண்டுமென்றால் அது அலைநீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். 75 கிலோமீட்டர் உயரக் கம்பம் வேண்டும். எவரெஸ்டைப் போல எட்டு மடங்குக்கும் மேல். கட்டினாலும் பயனில்லை. எல்லா நிலையங்களும் அதே அதிர்வெண்களில் பேசும். எதையும் தனியே பிரிக்க முடியாது.

எனவே குரலை உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலையின்மேல் ஏற்றுகிறோம். இதுவே பண்பேற்றம். சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ் என்றால், அலைநீளம் சுமார் 416 மீட்டர். கால் பங்கு 104 மீட்டர். கட்டக்கூடிய கம்பம். வேறு நிலையத்துக்கு வேறு ஊர்தி அலை. ரிசீவரில் குமிழைத் திருப்பினால் ஒன்று மட்டும் வரும். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஊர்தி அலையின் வீச்சு கூடிக் குறைவது வீச்சுப் பண்பேற்றம். 1900 டிசம்பர் 23 அன்று ரெஜினால்ட் ஃபெசன்டன், அமெரிக்காவின் போடோமேக் ஆற்றிலுள்ள காப் தீவில் சுமார் 1.6 கிலோமீட்டர் தூரத்துக்கு முதன்முதலாகக் குரலைக் கம்பியில்லாமல் அனுப்பினார். அங்கே பனி பெய்கிறதா என்பதுதான் கேள்வி. பதில் தந்தியில் வந்தது. ஆனால் அவருடைய ஊர்தி அலை வினாடிக்குப் பத்தாயிரம் தீப்பொறிகளால் உருவானது. குரலோடு பயங்கரமான கரகரப்பும் சேர்ந்தே போனது. வெற்றிடக் குழாய் வால்வுகள் வந்து தூய்மையான ஊர்தி அலை கிடைத்த பிறகும், இடி மின்னலின் கரகரப்பு போகவில்லை. காரணம் எளிது. மின்னலும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் அலையின் வீச்சில்தான் வந்து ஒட்டுகிறது; குரலும் வீச்சில்தான் இருக்கிறது. ரிசீவரால் இரண்டையும் பிரிக்க முடியாது.

அன்றைய பொறியாளர்கள் ஒரு முடிவில் உறுதியாக இருந்தார்கள். பட்டையைக் குறுக்கினால் இரைச்சல் குறைவாக உள்ளே வரும். வீச்சுக்குப் பதில் அதிர்வெண்ணை மாற்றிக் குரலை ஏற்றினால் பட்டை இன்னும் குறுகுமா என்று சிலர் பார்த்தார்கள். குறுகாது என்று 1922-இல் ஜான் கார்சன் கணிதத்தால் நிறுவினார். அவர் கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து இந்த முறையால் பயனே இல்லை என்ற முடிவுக்குப் போனது தவறு. எட்வின் ஆம்ஸ்ட்ராங் அந்த முடிவைத் தலைகீழாக்கினார். பட்டையைக் குறுக்குவதற்குப் பதில் விரித்தார், 10 கிலோஹெர்ட்ஸ் பிடிக்கும் ஒலிபரப்புக்கு 200 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவுக்கு. குரலுக்கு ஏற்ப ஊர்தி அலையின் அதிர்வெண் பெரிய அளவில் ஊசலாடும். ரிசீவரில் முதல் வேலையாக அலையின் வீச்சு முழுவதையும் ஒரே மட்டமாகச் சீவிவிடுவார்கள். வீச்சில் ஒட்டிய இரைச்சலும் அதோடு போய்விடும். செய்தி அதிர்வெண்ணில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அவையில் இதைச் செய்து காட்டினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் ஒலிபெருக்கியில் அப்படியே கேட்டன. அதுவரை வானொலியில் அவை எல்லாம் ஒரே கரகரப்பாகத்தான் வரும். அகலத்தைச் செலவழித்து அமைதியை வாங்கலாம் என்பது அன்று நிரூபணமானது. இன்று நாம் கேட்கும் எஃப்எம் அவர் தந்தது. காப்புரிமை வழக்குகளில் பல ஆண்டுகள் அலைக்கழிந்து 1954 ஜனவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி வென்றவர் அவர் மனைவி மரியன். இருபதாம் நூற்றாண்டின் மின்னணுவியலில் ஆம்ஸ்ட்ராங் அளவு கொடுத்தவர்கள் மிகச் சிலர். பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

மின்னலையும் மோட்டாரையும் வெல்லலாம். வெல்ல முடியாத இரைச்சல் ஒன்று உண்டு. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்தார். அவருடைய சகா ஹாரி நைக்விஸ்ட் அதற்கு விளக்கம் தந்தார். எந்த மின்தடையை எடுத்தாலும், அதில் எதையும் இணைக்காவிட்டாலும், அதன் முனைகளில் ஓர் ஓயாத மின் நடுக்கம் இருக்கும். வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைமோதுவதே காரணம். பொருளோ வடிவமோ எதுவானாலும் சரி, இரைச்சலின் திறன் இரண்டைத்தான் பொறுத்தது: வெப்பநிலை, பட்டையகலம். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கும் 4 வாட்டை 1-க்குப் பின் 21 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்த அளவு. மிகச் சிறியது. ஆனால் தொலைதூரம் கடந்து வரும் சைகையும் அதே அளவுக்குச் சிறுத்துத்தான் வரும். பெருக்கி வைத்தால் சைகையோடு இரைச்சலும் பெருகும். நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கிகள் வைத்தபோது, ஒவ்வொன்றும் தன் பங்கு இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே போனது.

இதற்கு ஒரு தீர்வை பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் கண்டார். குரலின் அளவை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக்கி, எண்ணை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற துடிப்புகளாக அனுப்புவது. வழியிலுள்ள நிலையம் சைகையைப் பெருக்க வேண்டியதில்லை. வந்தது துடிப்பா, வெறுமையா என்று மட்டும் முடிவுசெய்து, புத்தம் புதிதாக ஒரு துடிப்பை அனுப்பினால் போதும். சேர்ந்த இரைச்சல் அங்கேயே கழிந்துவிடும். ரீவ்ஸுக்கு வாய்த்தவை வால்வுகள். இந்த வேலைக்கு அவை மிகப் பருமன், மிக விலை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1960களில்தான் தொலைபேசித் தடங்களில் இது புழக்கத்துக்கு வந்தது. வினாடிக்கு 8,000 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட், அதாவது எட்டு ‘உண்டு’, ‘இல்லை’கள். ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிட். டிஜிட்டல் என்று நாம் சொல்வதன் உண்மையான பலம் இந்தப் புதுப்பித்தலில் இருக்கிறது.

1948-இல் பெல் ஆய்வகத்தின் இதழில் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை இரண்டு பகுதிகளாக வந்தது. அதுவரை பொறியாளர்கள் நம்பியது இது: இரைச்சல் உள்ள தடத்தில் பிழையைக் குறைக்க வேண்டுமென்றால் வலிமையைக் கூட்டு, அல்லது மெதுவாக அனுப்பு, பிழை அறவே கூடாதென்றால் வேகம் பூச்சியத்தை நெருங்க வேண்டும். ஷானன் இதை மறுத்தார். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பட்டையகலத்தையும், சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் வைத்து அதைக் கணக்கிடலாம். அந்தக் கொள்ளளவுக்குக் கீழே அனுப்பும்வரை, தகுந்த குறிமுறை இருந்தால், பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துக்கொண்டே போகலாம். வேகத்துக்குத்தான் இரைச்சல் எல்லை வகுக்கிறது, துல்லியத்துக்கு அல்ல. இதை முதன்முறை புரிந்துகொள்ளும்போது வரும் சிலிர்ப்பை எத்தனை முறை படித்தாலும் இழக்க முடியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை கடத்தும், அகலம் 3,100. சைகை இரைச்சலைப் போல ஆயிரம் மடங்கு என்று கொள்வோம். ஆயிரம் என்பது ஏறக்குறைய 2-ஐப் பத்து முறை பெருக்கிய எண். 3,100 பெருக்கல் 10 என்றால் வினாடிக்கு 31,000 பிட். 1990களில் 28,800, 33,600 என்று ஏறிய மோடம்கள் அந்த வட்டாரத்தில் நின்றதன் காரணம் இதுவே. இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. அகலத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவும் ஏறத்தாழ அப்படியே கூடும். ஆனால் வலிமையை இருமடங்காக்கினால், ஹெர்ட்ஸுக்கு ஒரு பிட்தான் கூடும். வைட்ஹவுஸின் வழி எவ்வளவு விலை பிடிக்கும் வழி என்பதற்கு இது கணிதச் சான்று.

தகுந்த குறிமுறை இருக்கிறது என்று நிறுவிய ஷானன், அது எது என்று சொல்லவில்லை. அதைத் தேடும் வேலை அடுத்த அரை நூற்றாண்டு நடந்தது. முதலடி எடுத்து வைத்தவர்களில் அதே ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் ஒருவர். வார இறுதியில் அவர் கணினியில் விட்டுப்போகும் கணக்குகள், ஒரு பிழை வந்ததும் நின்றுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கும் எந்திரத்தால் பிழை எங்கே என்று ஏன் கண்டுபிடிக்க முடியாது என்று கேட்டார். 1950-இல் விடை வெளியானது. நான்கு பிட் செய்திக்கு மூன்று சோதனை பிட்கள். ஒவ்வொரு சோதனையும் வெவ்வேறு பிட் கூட்டத்தைக் காவல் காக்கும். எந்தெந்தச் சோதனைகள் தவறின என்பதே, எந்த பிட் கெட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கெட்டதைத் திருப்பிவிட்டால் செய்தி நலம்.

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் அலைபரப்பியின் திறன் சுமார் 20 வாட். ஓர் எல்இடி பல்பு. 22 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, 70 மீட்டர் விட்டமுள்ள பூமியின் ஆண்டெனாவில் விழும்போது மிஞ்சுவது, ஒரு வாட்டை லட்சம் கோடியால் வகுத்து, வந்த விடையை மேலும் பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைப்பதைவிடவும் குறைவு. விண்கலத்துக்குப் போய்த் திறனைக் கூட்ட யாராலும் முடியாது. செய்ய முடிந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். முதல் பெருக்கியை ஹீலியத்தால் −250 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்விக்கிறார்கள். ஜான்சன் அளந்த இரைச்சல் அதோடு சுருங்குகிறது. வியாழனருகே வினாடிக்கு 1,15,200 பிட் வரை அனுப்பிய கலம் இப்போது 160 பிட்தான் அனுப்புகிறது. 1986-இல் வாயேஜர் 2 யுரேனஸை நெருங்கியபோது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ், கான்பெரா ஆண்டெனாக்களை ஒன்றாகக் கோத்தார்கள். கலத்தில் அதுவரை ஒவ்வொரு செய்தி பிட்டுக்கும் ஒரு சோதனை பிட் என்றிருந்த குறிமுறையை விட்டு, சுமை மிகக் குறைந்த ரீட்-சாலமன் குறிமுறைக்கு மாறினார்கள். புறப்பட்ட பிறகு, வழியிலேயே ஒரு கலத்தின் பேசும் முறையை மாற்றியமைத்த செயல் அது.

இதே கலை நம் கைபேசியில் நாள்தோறும் நடக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சைகை நம் தெருவுக்கு வந்து சேரும்போது, ஃபோனுக்குள்ளேயே உள்ள வெப்ப இரைச்சல் அதைவிடப் பல பத்து மடங்கு பெரிது. எந்த மீட்டரில் பார்த்தாலும் இரைச்சல் மட்டுமே தெரியும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று ஃபோனுக்கு முன்கூட்டியே தெரியும். கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கும்போதும் யாராவது நம் பெயரைச் சொன்னால் காது பிடித்துக்கொள்கிறதல்லவா, அப்படி. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துடிப்புகள் கொண்ட ஒரு தனி வரிசை. வினாடிக்கு ஆயிரம் முறை அது திரும்பத் திரும்ப வரும். ஃபோன் அந்த வரிசையைத் தானே உருவாக்கி, வரும் இரைச்சலின்மேல் சிறிது சிறிதாக நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. இடம் பொருந்தாதவரை கூட்டல்களும் கழித்தல்களும் ஒன்றையொன்று தின்றுவிடும். சரியான இடத்தில் பொருந்தியதும் 1,023 துடிப்புகளும் ஒரே பக்கம் கூடும். இரைச்சல் அப்படிக் கூடாது. எவ்வளவு நகர்த்திய பின் பொருந்தியது என்பதிலிருந்து சைகை எத்தனை நேரம் பயணம் செய்தது, செயற்கைக்கோள் எவ்வளவு தூரம் என்பது கிடைக்கிறது. மூன்று தூரங்கள் இருந்தால் இடத்தைக் குறித்துவிடலாம். ஆனால் ஃபோனின் மலிவான கடிகாரத்தை நம்ப முடியாது. அதன் பிழையைத் தீர்க்க நான்காவது செயற்கைக்கோளையும் கேட்க வேண்டியிருக்கிறது.